ஏழடித் தொட்டியில் கல் கழுவிய வேலை

அன்று தொட்டிக்கு முன்னால் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மரகதம் அக்கா. தொட்டிக்கும் மீனுக்கும் பொறுப்பு அவர். எனக்கு மேலாள்.

மாணிக்கம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசர் ஓட்டுபவன். என் பழைய கூட்டாளி.

பாக்கியம். அந்த வீட்டில் சமையல் செய்தவர்.

சரசுவதி அம்மா. முதலாளியின் மனைவி. வீடு அவருடையது, மீனும் அவருடையது.

கடைசியாக நான்.

முதலாளி அன்று ஊரில் இல்லை. வடக்கே இன்னொரு ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அங்கே போயிருந்தார்.

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஆண்டு மலரில் போடுவார்களாம். போர்வெல் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ரிக்கில் இருந்தது ஒன்பது வருடம். மீன் தொட்டியில் இருந்தது அதைவிட அதிகம். அதனால் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ரிக்கை விட்டது விருப்பத்தில் இல்லை. போருக்குள் கேசிங் பைப் இறக்கும்போது சங்கிலி நழுவியது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகு முதலாளி வந்து பார்த்தார்.

"தொரை, இனி வண்டி ஏற வேண்டாம். ஊட்டுக்கு வா. வேலை இருக்குது."

"என்ன வேலைங்க?"

"மீன் கழுவற வேலை."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் உண்மை.

திருச்செங்கோட்டுக்கு வெளியே வீடு. பக்கத்திலேயே வண்டி நிறுத்தும் இடமும் பட்டறையும். வீட்டு நடுக்கூடத்தில் ஒரு தொட்டி. மூன்று பக்கம் கான்கிரீட், முன்பக்கம் மட்டும் கண்ணாடி. ஏழடி ஆழம், பன்னிரண்டடி நீளம். அதைக் கட்டியது முதலாளியின் மகன் பிரபு. எங்கோ படிக்கப் போன இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் வளரும் பெரிய மீன்களைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோல வேண்டும் என்று கட்டினான். கோய் என்று பெயர். கெண்டை ஜாதிதான், நிறம் மட்டும் வேறு. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிவிடும் என்று அதைக் குளிரவைக்கச் சில்லர் மிஷின் வைத்திருந்தார்கள். தண்ணீர் எப்போதும் பதினெட்டு டிகிரியில் இருக்கும். கை விட்டால் சிலிர்க்கும்.

அடியில் மக்காச்சோள மணி அளவுக்குக் கூழாங்கல். முன்பக்கம் நான்கு விரல் கனம். பின்பக்கம் மலைச்சரிவு மாதிரி இருக்க வேண்டும் என்று பிரபு ஒன்றரை அடிக்குக் குவித்திருந்தான். காவிரியில் அவனே சலித்து எடுத்து வந்த கல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மரகதம் அக்கா மேட்டூர்ப் பக்கம் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவர். பிறகு தனியாகத் தொட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஃபேர்லேண்ட்ஸில் இரண்டு வீடு, சூரமங்கலத்தில் ஒரு லாட்ஜ், பிறகு எங்கள் தொட்டி. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை; என்னைப் பழக்கிய முதல் மாதம் மட்டும் தினமும் வந்தார். மொபெட்டில் வருவார். சேலை முந்தானையை இடுப்பில் செருகியபடியே வண்டியை நிறுத்துவார். வந்ததும் யாரிடமும் பேசமாட்டார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மீன்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகுதான் "என்ன தொரை" என்பார்.

முதல் நாள் என் கையைப் பார்த்தார்.

"எத்தனை வெரல் இருக்குது?"

"எட்டுங்க."

"போதும். கட்டைவெரல் ரெண்டும் இருக்குதல்ல? இந்த வேலைக்கு அதுதான் வேணும்."

ஏன் கட்டைவிரல் என்று அப்போது புரியவில்லை.

வேலை இதுதான். கல்லுக்கு நடுவில் மீன் போடும் கழிவும் தின்னாத தீனியும் இறங்கித் தங்கும். அதை எடுக்க வேண்டும், கல்லை எடுக்கக் கூடாது. இதற்கு எட்டடி நீளத்தில், உள்ளே இருப்பது தெரிகிற அகலமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று. அதன் தலையில் ஓஸ். ஓஸின் மறுமுனை கொல்லையில் வாழைக்குப் போகும். வாழைக் கொல்லை தொட்டியைவிடப் பள்ளம். ஓஸில் தண்ணீரை நிரப்பிவிட்டுத் திறந்தால் தானாக இழுக்கும். நான் முதல் நாள் ஓஸை வாயில் வைத்து உறிஞ்சப் போனேன்.

"வாய் சோறு திங்கறதுக்கு. எடு அத" என்றார்.

தொட்டியின் மேல் குறுக்கே ஒரு பலகை. அதில் நின்றுகொண்டு குழாயைக் கல்லில் நேராக இறக்க வேண்டும். இழுப்பில் கல் குழாய்க்குள் எழும்பும். பாதி உயரம் வந்ததும் ஓஸைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கல் அங்கேயே நின்று சுழலும். ஒன்றோடு ஒன்று உரசும். அழுக்கு லேசானது, அது மேலே போய்விடும். கல் கனம், அது நிற்கும். குழாய்க்குள் தண்ணீர் தெளிந்ததும் விரலை இன்னும் அழுத்தினால் கல் மெதுவாக இறங்கிப் படுக்கும். பிறகு குழாயைத் தூக்கி அடுத்த இடம். இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

நான் ரிக்கில் இருந்தவன். வேகமாகச் செய்துதான் பழக்கம்.

"அவசரமா தொரை?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"ஆமாங்கக்கா, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்னு."

"அப்ப நாளைக்கு வா."

குழாயை வாங்கி வைத்துவிட்டார். அன்று முழுவதும் என்னைச் செய்யவிடவில்லை. மறுநாள் அவசரம் இல்லை என்று சொன்னேன். குழாயைக் கொடுத்தார்.

இன்னும் சில விஷயங்கள் உண்டு. மொத்தத் தொட்டியையும் ஒரே நாளில் கழுவக் கூடாது. ஒரு பங்கு இன்று, அடுத்த பங்கு இரண்டு நாள் கழித்து. கல்லில் அழுக்கோடு நல்லதும் ஒட்டியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவினால் தண்ணீர் கெட்டுப்போகும் என்பார். வெளியே போன தண்ணீருக்குப் பதில் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதைப் பம்பு அறையில் இரண்டாயிரம் லிட்டர் டேங்கில் பிடித்துவைத்து, காற்று விட்டு, அதே பதினெட்டு டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் விட வேண்டும்.

பின்பக்கச் சரிவுக்கு மட்டும் வேறு சட்டம். அங்கே மேலாக இரண்டு விரல் ஆழம்தான் கழுவலாம். அதற்குக் கீழே குழாய் போகக் கூடாது.

"ஏனுங்கக்கா?"

அவர் ஒரு குச்சியைச் சரிவில் ஆழமாகக் குத்தி எடுத்தார். நுனி கறுத்திருந்தது. என் மூக்கிற்கு நேராக நீட்டினார். அழுகிய முட்டை நாற்றம்.

"காத்துப் போகாத எடத்துல அழுக்குத் தங்குனா இது கட்டும். கட்டுனபடியே கெடந்தா ஒண்ணுமில்ல. மொத்தமாக் கௌப்புனா மீனுக்கு வெஷம். நெனப்புல வெச்சுக்க."

"அப்ப இந்தச் சரிவையே எடுத்துரலாமுங்களே."

"பிரபு தம்பிகிட்டச் சொன்னேன். பாக்கலாங்கறாரு."

கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் பிரபு இறந்துபோனான். ரிக் வண்டி நின்ற இடத்துக்குக் காரில் போகும்போது விபத்து. இருபத்தாறு வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சரசுவதி அம்மா காலையில் காபிக்கு முன்னால் தொட்டிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். அதுவரை அவர் தொட்டிப் பக்கம் வந்ததில்லை. மீன் வாடை பிடிக்காது என்பார். இப்போது தினமும் உட்கார்ந்தார். பிரபு முதலில் வாங்கி விட்டவை ஆறு மீன்கள். மற்றவை பின்னால் வந்தவை. அந்த ஆறும் எவை என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தலையில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை மீன் ஒன்று. அது கண்ணாடியருகே வந்தால் எழுந்து போய் விரலை வைப்பார். அதே ஆறில் சாம்பல் நிறத்திலும் ஒன்று இருந்தது. அதை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

"அது தீனிப் பண்டாரம் தொரை. மத்ததத் திங்க உடமாட்டேங்குது."

மரகதம் அக்கா சரிவைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு முறை கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, பின்னால கல்லைக் கொறச்சுரலாங்களா? மீனுக்கு நல்லதுங்க."

அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் வெச்சது. இருக்கட்டும்."

அக்கா மறுபடி கேட்கவில்லை. எனக்குத்தான் கூடுதலாகச் சொன்னார். சரிவின் மேல் ஒரு நாள்கூட அழுக்குத் தங்கக் கூடாது, மேலே சுத்தமாக இருந்தால் கீழே புதிதாக இறங்காது என்றார். அப்படியே செய்தேன்.

ஒரு சித்திரையில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் பழுதானது. சில்லர் நின்றுவிட்டது. நான் பதறி அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் பதறவில்லை.

"தண்ணிய மாத்தாத. தீனி போடாத. சன்னலுக்கெல்லாம் ஈரச் சாக்குத் தொங்க உடு. மீன் மேல வந்து வாயப் பொளந்தாக் கூப்புடு. இல்லாட்டிக் கூப்புடாத."

நான் கூப்பிடவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. திட்டியும் கேட்டதில்லை.

இனி அந்த நாள்.

அதுவும் செவ்வாய்தான். எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பலகையில் ஏறி இறங்க முடியவில்லை. காலையில் திருச்செங்கோட்டுக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனேன். மாணிக்கம் அப்போது பட்டறையில் இருந்தான். வண்டி சர்வீசுக்கு வந்திருந்தது. முந்தின நாள் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தான். நான் நொண்டுவதைப் பார்த்தான்.

ரிக்கில் இருந்தவர்களுக்கு ஊதுவது என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்வெல்லில் சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே கம்ப்ரசர் காற்றை விடுவோம். அடியில் இருக்கும் சேறு, மணல், கல் எல்லாம் காற்றோடு மேலே வந்து கொட்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊதுவோம். போருக்கு அதுதான் வைத்தியம். நம் ஆட்களுக்கு எதில் அடைப்பு என்றாலும் முதலில் கை போவது கம்ப்ரசருக்குத்தான். சாக்கடைக்கும் அதுதான், குடிதண்ணீர்க் குழாய்க்கும் அதுதான்.

மாணிக்கம் எனக்கு உதவி செய்ய நினைத்தான். நான் வாரக்கணக்கில் செய்வதை ஒரே மூச்சில் முடித்துவிட்டால் எனக்கு ஒரு மாதம் ஓய்வு கிடைக்கும் என்று கணக்குப் போட்டான். பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து ஓஸை இழுத்துவந்து, முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, பலகையில் ஏறி நின்று, அழுக்கு எங்கே அதிகம் இருக்கும் என்று பார்த்திருக்கிறான். கல் எங்கே அதிகமோ அங்கே. பின்பக்கச் சரிவில் அடிவரை குத்திக் காற்றைத் திறந்துவிட்டான்.

நான் கேட்டுக்குள் நுழையும்போது மரகதம் அக்காவின் மொபெட்டும் நுழைந்தது. வாசலிலேயே நாற்றம். பாக்கியம் வெளியே ஓடிவந்தார்.

"கேஸ் கசியுதுங்கக்கா! சிலிண்டர மூடிட்டேன், இன்னும் நாறுது!"

அக்கா வண்டியை ஸ்டாண்டு போடவில்லை. அப்படியே கீழே விட்டுவிட்டு உள்ளே போனார்.

தொட்டித் தண்ணீர் சாக்கடை மாதிரி கறுத்திருந்தது. கொதிப்பது போல அடியிலிருந்து குமிழி. மாணிக்கம் பலகையில் நின்று இன்னும் ஊதிக்கொண்டிருந்தான். தண்ணீர் தெளியும் என்று காத்திருக்கிறான். தெளியும்வரை ஊத வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை.

"நிறுத்து" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை.

அவன் நிறுத்தினான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நேரம் ஊதுன?"

"ரெண்டு மூணு நிமிசம் இருக்குங்க."

"எங்க?"

பின்பக்கத்தைக் காட்டினான்.

அக்கா கண்ணாடியில் கை வைத்தார். மொத்தம் இருபத்திரண்டு மீன்கள். மூன்று மேலே வந்து வயிறு தெரிய மிதந்தன. செவுள் அசையவில்லை. அந்த மூன்றில் இரண்டு பிரபுவுடையவை. மேல்தண்ணீரில் பன்னிரண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. மீதி ஏழு அடியில் சாய்ந்து கிடந்தன. கலங்கலில் நிறம்தான் தெரிந்தது. பிரபுவின் மீதி நான்கும் அந்த ஏழில் இருந்தன. பெரிய மீன்கள், வயதானவை, எப்போதும் சரிவை ஒட்டித்தான் கிடக்கும்.

பம்பு அறை டேங்கில் குளிர்ந்த தண்ணீர் தயாராக இருந்தது. நல்ல வேளை. ஆனால் இரண்டாயிரம் லிட்டர். ஒவ்வொரு மீனும் முழங்கை நீளம். பன்னிரண்டுக்கு மேல் போட்டால் அதிலும் மூச்சுத் திணறும். வேறு தண்ணீர் என்றால் போர்த் தண்ணீர், வெதுவெதுப்பு. அதில் நேரே போட்டால் குளிரில் கிடந்த மீன் அங்கேயே செத்துவிடும்.

அக்கா ஆளுக்கு ஒரு வேலை சொன்னார்.

"பாக்கியம், பெரிய அண்டா ரெண்டையும் கொண்டா, போர்த் தண்ணி பிடி. மாணிக்கம், ஐஸ் பேக்டரிக்குப் போ. நாலு பாளம் வாங்கிட்டு வா. பிளாஸ்டிக் கவரும் வாங்கு, ஐஸ் தண்ணில நேராப் படக்கூடாது. தொரை, நீ எறங்கு. காலை ஊனாத. கல்லுல கால் பட்டா இன்னும் கௌம்பும். மெதந்தபடியே எடு."

மாணிக்கம் ஓடினான். நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கிணற்றில் நீந்திப் பழகியவன், ஆழம் பயம் இல்லை. குளிர்தான் நெஞ்சைப் பிடித்தது. முழங்கால் வலி தெரியவில்லை.

அப்போதுதான் சரசுவதி அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தார். மிதந்த மூன்றையும் பார்த்தார். தலையில் பொட்டு வைத்த வெள்ளை மீன் அதில் ஒன்று.

"என்ன ஆச்சு மரகதம்?"

"அடி கௌம்பிருச்சுங்கம்மா. எடுத்துட்டிருக்கறோம்."

"எம் பையனோடத மொதல்ல எடு."

அக்கா அம்மா பக்கம் திரும்பவில்லை. எனக்கு மட்டும் சொன்னார். "மேல நிக்கறதப் புடி."

"மரகதம், காதுல உழுகலையா? அவனோடது அடியில கெடக்குது பாரு. மொதல்ல அத எடுங்கறேன்."

நான் வலையோடு தண்ணீரில் நின்றேன். இரண்டு பேரையும் பார்த்தேன். வீடு அம்மாவுடையது. சம்பளம் அவர்கள் தருவது. எனக்கு மேலாள் அக்கா.

அக்கா திரும்பி அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அதுக படுத்துருச்சுங்கம்மா. அதுகளத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நிக்கறதும் படுத்துரும். டேங்குல பன்னண்டுக்குத்தான் எடம். பொழைக்கறத எடுக்கறேன். அப்புறம் என்ன வேணாலும் பேசுங்க."

அம்மா முக்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

நான் மேலே நின்றவற்றை ஒவ்வொன்றாக வலையில் ஒதுக்கி, தண்ணீரோடு டப்பில் ஏற்றிக் கொடுத்தேன். அக்கா பலகையில் நின்று வாங்கினார். பம்பு அறைக்கும் தொட்டிக்கும் அவரே தூக்கிக்கொண்டு ஓடினார். ஒவ்வொன்றையும் விடும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார், அது அவர் வழக்கம். ஒன்று, ரெண்டு என்று பம்பு அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வந்தது.

"இப்ப அடியில இருக்கறதத் தூக்கு தொரை."

மூச்சைப் பிடித்து முங்கினேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கண் எரிந்தது. கையால் தடவித் தடவி ஒன்றொன்றாக மேலே கொண்டுவந்தேன். ஆனால் கொண்டுபோக இடம் இல்லை. அண்டாத் தண்ணீர் இன்னும் குளிரவில்லை, மாணிக்கம் வரவில்லை. ஃபில்டரிலிருந்து தண்ணீர் மேலே விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவு இருந்தது. மீனின் தலையை அந்த விழும் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார் அக்கா. எனக்கு இரண்டு கை. அக்காவுக்கு இரண்டு கை.

அம்மா பலகையில் ஏறினார். அதற்கு முன் அவர் அதில் ஏறியதில்லை. பட்டுச்சேலையோடு குப்புறப் படுத்து, இரண்டு கையையும் தண்ணீரில் விட்டார்.

"எப்புடிப் புடிக்கோணும்?"

"வயித்துக்குக் கீழ கையக் குடுங்கம்மா. இறுக்காதீங்க. தலை தண்ணி பக்கம்."

நான் கொண்டுவந்ததில் கைக்கு வந்ததைக் கொடுத்தேன். எது யாருடையது என்று பார்க்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

மாணிக்கம் ஐஸோடு வந்தபோது மூன்று பேர் கையிலும் மீன் இருந்தது. மூன்று மீன்கள் அதற்குள் செத்துவிட்டன. ஐஸைக் கவரில் கட்டி அண்டாவில் மிதக்கவிட்டு, அக்கா கை வைத்துப் பார்த்துப் பார்த்து, போதும் என்று சொல்ல இன்னும் அரை மணி ஆனது. அதற்குள் மேலும் மூன்று. அண்டாவுக்குள் போனது ஒன்றே ஒன்று. அம்மாவின் கையில் இருந்தது. சாம்பல் மீன். அதுவும் பக்கவாட்டில் படுத்துத்தான் கிடந்தது. செவுள் எப்போதாவது ஒருமுறை அசைந்தது.

செத்த ஒன்பதையும் கொல்லையில் ஒரு ஈரச் சாக்கில் வைத்தோம். அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்க நனைந்து கறுப்பு.

மாணிக்கம் போய் அவர் முன்னால் நின்றான். அக்கா அவனைப் போகச் சொல்லவில்லை. அவனாகத்தான் போனான்.

"நாந்தானுங்க ஊதுனேன்."

"ஆரு சொன்னது ஊதச் சொல்லி?"

"ஆரும் சொல்லலீங்க. தொரைக்குக் காலு முடியல. ஊதிட்டா ஒரே நாள்ல தெளிஞ்சுருமுன்னு நெனச்சேனுங்க. போருன்னு நெனச்சுட்டேனுங்க."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றோம். வேலையை விட்டுப் போ என்று சொல்வார் என்று நான் நினைத்தேன்.

"கடப்பாரை இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நீயே குழி வெட்டு."

வாழைக்குப் பக்கத்தில் வெட்டினான். மீனுக்கு இடுப்பளவு போதும். அவன் நெஞ்சளவுக்கு வெட்டினான். அக்கா போதும் என்றார். அவன் கேட்காமல் இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் ஏறினான். பிரபுவின் ஐந்து மீன்களையும் அம்மா தன் கையால் எடுத்துவைத்தார். மற்ற நான்கை நானும் அக்காவும் வைத்தோம். பாக்கியம் மண்ணைத் தள்ளும்போது வாய்விட்டு அழுதார். அம்மா அழவில்லை. பிரபுவுக்கும் அவர் எங்கள் முன்னால் அழுததில்லை.

அன்று மாலை புறப்படும்போது அக்கா, அம்மாவிடம் போய் நின்றார்.

"பேசோணும்னா பேசுங்கம்மா. இருக்கறேன்."

"பேச என்ன இருக்குது." அம்மா தொட்டிப் பக்கம் திரும்பிக் கேட்டார். "அந்தச் சரிவு இருந்ததுனாலதான?"

"ஆமாங்க."

"நீ அன்னைக்கே கேட்ட."

"கேட்டேனுங்க."

"எடுத்துரு. ஆனா கல்லு வேற போடாத. அவன் கொண்டாந்ததே கெடக்கட்டும்."

தொட்டியை முழுக்க வடித்தோம். கல்லைச் சட்டிச் சட்டியாக வெளியே எடுத்தோம். அடிக்கல் எல்லாம் கரி மாதிரி இருந்தது. நானும் மாணிக்கமும் கழுவினோம். அவன் வண்டி கிளம்பும் நாள் வந்தும் போகவில்லை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு இருந்துவிட்டான். கழுவிய கல்லை மொட்டை மாடியில் பரப்பினோம். வெயிலில் நாற்றம் போக நாளானது. கறுப்பு வெளுத்து, கல் பழைய நிறத்துக்கு வந்தது. அக்கா ஒரு கைப்பிடியை அள்ளி மோந்து பார்ப்பார், இன்னும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போட்டுவிடுவார். ஒரு நாள் தலையை ஆட்டவில்லை. அன்று உள்ளே போட்டோம். எல்லா இடத்திலும் நான்கு விரல் கனம், ஒரே மட்டம். மீந்த கல்லை அம்மா வாசல் நடைபாதையில் பரப்பச் சொன்னார்.

இதற்கிடையில் பம்பு அறை டேங்கில் பன்னிரண்டும் தேறிவிட்டன. சாம்பல் மீனை அண்டாவிலிருந்து தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றியிருந்தோம். அது நேராக நிற்கவில்லை. சுவரில் சாய்ந்தே கிடந்தது. தீனி தின்னவில்லை. அம்மா காலையில் முக்காலியைப் பம்பு அறைக்குக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா வந்ததும் "இருக்குதா?" என்று கேட்பார். அக்கா கையை விட்டுப் பார்த்து "இருக்குதுங்க" என்பார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசமாட்டார்கள்.

மீனைத் திரும்ப விடும் நாளில் எல்லோரும் இருந்தோம். முதலாளியும் வந்திருந்தார், பின்னால் நின்றார். தண்ணீர் தெளிந்து கண்ணாடியே இல்லாத மாதிரி இருந்தது. நான் பலகையில் நின்று டப்பை இறக்கினேன். அக்கா கீழே நின்று எண்ணினார். ஒன்று. ரெண்டு. ஒவ்வொன்றும் அடிவரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே வந்தது. பன்னிரண்டாவது இறங்கியதும் அக்கா நிறுத்தினார்.

"அம்மா, சாம்பல் மீனப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியல. இன்னும் நேரா நிக்கல. உள்ள போட்டாத்தான் தெரியும். அடியில போயிப் படுத்துட்டா நானே எடுத்துருவேன்."

"போடு" என்றார் அம்மா.

டப்பைச் சாய்த்தேன். மீன் பக்கவாட்டிலேயே இறங்கியது. இலை விழுகிற மாதிரி மெதுவாகப் போனது. ஏழடி. மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லைத் தொட்டது, அப்படியே கிடந்தது. அக்கா வலையைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது அதன் துடுப்பு ஒன்று அசைந்தது. உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. தலை குனிந்து, ஒரு கூழாங்கல்லை வாயில் எடுத்து, உள்ளே உருட்டி, துப்பியது. பிறகு அடுத்த கல்லை எடுத்தது.

அக்கா எண்ணவில்லை. அம்மாதான் எண்ணினார்.

"பதிமூணு."